அடுக்குமாடி அனுமதி: முதல் தாள் விரைகிறது, கடைசித் தாள் வருவதில்லை

புது தில்லி: சிமென்ட் உற்பத்தி எவ்வளவு கூடியது, உருக்கு உற்பத்தி எவ்வளவு குறைந்தது என்பதை மாதம் தவறாமல் கணக்கிட்டு வெளியிடுகிறது மத்திய அரசு. அந்தச் சிமென்டும் உருக்கும் சென்று சேரும் அடுக்குமாடி வீடுகள் எத்தனைக்கு நாடு முழுவதும் ஓராண்டில் அனுமதி வழங்கப்பட்டது என்று கேட்டால், அதே தில்லியில் ஒற்றை எண்ணாக எடுத்துக் காட்டத்தக்க விடை இல்லை.

"புதிய வீடுகள் இத்தனை சதவீதம் உயர்வு" என்று காலாண்டுக்கு ஒருமுறை பத்திரிகைகளில் வெளியாகும் புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் தனியார் ஆலோசனை நிறுவனங்கள் தருபவை. அவை எண்ணுவது விற்பனைக்கு அறிவிக்கப்பட்ட வீடுகளை. அனுமதி பெற்ற வீடுகளை அல்ல. கட்டி முடித்து, உரிய சான்றிதழுடன் ஒப்படைக்கப்பட்ட வீடுகளை நிச்சயமாக அல்ல.

இந்தக் குறையைப் போக்க முயற்சி நடக்காமல் இல்லை. பேராசிரியர் அமிதாப் குண்டு தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த நிபுணர் குழு 2009-ம் ஆண்டு ஜனவரியில் அறிக்கை அளித்தது. நகராட்சிகள் வழங்கும் கட்டட அனுமதிகளை அடிப்படையாகக் கொண்டு, எத்தனை வீடுகளின் கட்டுமானம் தொடங்குகிறது என்பதை அளக்கும் ஒரு குறியீட்டெண்ணை உருவாக்க அது வழி கூறியது. அனுமதி பெற்றவர்கள் அனைவரும் உடனே கட்டத் தொடங்குவதில்லை என்பதையும் அக்குழு உணர்ந்திருந்தது. ஆனால், விலைவாசிக் குறியீட்டெண்ணைப் போலவோ தொழில் உற்பத்திக் குறியீட்டெண்ணைப் போலவோ அது நிலைபெறவில்லை. நகராட்சிப் பதிவேடுகள் இருந்த நிலையில் அதற்கு வேறு கதி வாய்த்திருக்க முடியாது என்றே தோன்றுகிறது.

எண் கிடைக்காவிட்டாலும் போக்கு தெரியாமல் போகவில்லை. கடந்த 20 ஆண்டுகளில் மும்பை, ஹைதராபாத், பெங்களூரு, தலைநகர் வட்டாரம் ஆகியவற்றில் அனுமதிகள் பெருகியதும் வற்றியதுமான கதையைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று புலனாகும். வீடு தேவைப்படுவோரின் எண்ணிக்கை ஓராண்டில் இரட்டிப்பாகி மறு ஆண்டில் பாதியாவதில்லை. ஆனால், அனுமதிகளின் எண்ணிக்கை அப்படி ஏறி இறங்குகிறது. அரசின் ஒரு சலுகை ஆணை அதை ஏற்றிவிடுகிறது. நீதிமன்றத்தின் ஒரு தடை அதை இறக்கிவிடுகிறது.

குப்பைமேடு நிறுத்திய மும்பை

2016-ம் ஆண்டு ஜனவரியில் மும்பையின் தேவ்னார் குப்பைக் கிடங்கு தீப்பற்றி எரிந்து, நகரின் பெரும்பகுதியைப் புகை சூழ்ந்தது. அடுத்த மாதம் 29-ம் தேதி மும்பை உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. சேரும் குப்பையை விதிப்படி கையாள இடம் இல்லாத நகரம் புதிய குடியிருப்புகளுக்கு அனுமதி வழங்கிக்கொண்டே போக முடியாது என்பதே அதன் சாரம். மருத்துவமனை, கல்வி நிலையம், குடிசைப் பகுதி மறுசீரமைப்பு போன்றவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மற்ற புதிய கட்டுமானங்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2018-ம் ஆண்டு மார்ச்சில், உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளுடன் ஆறு மாதங்களுக்கு அந்தத் தடையைத் தளர்த்தியது.

ஒரு நகரம் எத்தனை வீடுகளைத் தாங்கும் என்ற கேள்வியை இவ்வளவு நேரடியாக வேறெந்த உத்தரவும் எழுப்பியதாக நினைவில்லை. அந்தக் கேள்வியை நகரத் திட்டமிடல் துறையன்றோ எழுப்பியிருக்க வேண்டும்?

தடைக்குப் பின் வந்தது சலுகை. கரோனா காலத்தில் முடங்கிக் கிடந்த கட்டுமானத் தொழிலுக்கு உயிரூட்டுவதற்காக, கட்டுநர்கள் செலுத்த வேண்டிய பிரீமியம் கட்டணங்களில் பாதியைக் குறைக்க 2021-ம் ஆண்டு ஜனவரியில் மகாராஷ்டிர அமைச்சரவை முடிவு செய்தது. பிரீமியம் என்பது, மனையின் பரப்புக்கு ஏற்ப இயல்பாக அனுமதிக்கப்படும் தளப்பரப்புக்கு மேல் கட்டிக்கொள்ளவும், திறந்தவெளி விதிகள் போன்றவற்றில் தளர்வு பெறவும் மாநகராட்சிக்கும் அரசுக்கும் செலுத்தும் தொகை. மும்பையில் நிலத்தின் விலைக்கு அடுத்தபடியாகக் கட்டுநரின் பெருஞ்செலவுகளில் ஒன்று அது. சலுகை அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை மட்டுமே. வீடு வாங்குவோர் கட்ட வேண்டிய முத்திரைத் தீர்வையைக் கட்டுநரே ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை.

விளைவு எதிர்பார்த்ததே. பல ஆண்டுகள் கழித்துக் கட்டவிருந்த திட்டங்களுக்கும் அந்த ஓராண்டிலேயே பணம் கட்டி அனுமதி பெற்று வைத்துக்கொண்டனர். மாநகராட்சியின் கருவூலத்துக்கு இந்த வகையில் வந்த வருவாய், வரவு-செலவுத் திட்டத்தில் மதிப்பிட்டதைப் போலப் பல மடங்காயிற்று. அந்த ஆண்டின் அனுமதிக் கணக்கை மட்டும் பார்ப்பவர், மும்பையில் வீட்டுத் தேவை திடீரென வெடித்துக் கிளம்பியதாக எண்ணக்கூடும். உண்மையில் அது தள்ளுபடி விற்பனையின் கடைசி நாள் கூட்டம்.

வரம்பை நீக்கிய ஹைதராபாத்

மும்பை தளப்பரப்பை அளந்து விற்றது என்றால், ஹைதராபாத் அளவுகோலையே எடுத்து வைத்துவிட்டது. அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேச அரசு 2006-ம் ஆண்டு மார்ச்சில் பிறப்பித்த 86-ம் எண் அரசாணை, மனைப் பரப்பைப் போல் இத்தனை மடங்குதான் கட்டலாம் என்ற வரம்பை நீக்கியது. சாலையின் அகலம், கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய இடைவெளி, உயரம் ஆகியவையே அதன்பின் கட்டடத்தின் அளவைத் தீர்மானித்தன. நகரின் மேற்கே, தகவல் தொழில்நுட்ப வளாகங்களைச் சுற்றி வானளாவிய குடியிருப்புகள் எழுந்ததற்கு இந்த ஆணை முக்கியக் காரணம்.

தெலங்கானா அரசு 2020-ம் ஆண்டில் கொண்டு வந்த டிஎஸ்-பிபாஸ் சட்டம் வேகத்தை மேலும் கூட்டியது. 75 சதுர கஜம் வரையுள்ள மனையில் சிறு வீடு கட்ட அனுமதியே தேவையில்லை. ஒரு ரூபாய் செலுத்திப் பதிவு செய்தால் போதும். 500 சதுர மீட்டர் வரையுள்ள மனையில், 10 மீட்டர் உயரம் வரை, உரிமையாளரின் சுய உறுதிமொழியின் பேரில் உடனடி அனுமதி. அதற்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு 21 நாள் கெடு. அதற்குள் முடிவு தெரிவிக்காவிட்டால் அனுமதி வழங்கப்பட்டதாகவே கருதப்படும். லஞ்சத்துக்கும் இழுத்தடிப்புக்கும் பெயர் பெற்ற துறையில் இது பெரிய மாற்றம் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால், ஏரிகளின் நகரம் அது. எந்த மனை ஏரியின் முழு நீர்மட்ட எல்லைக்குள் வருகிறது என்பதை 21 நாளில் உறுதி செய்யும் வரைபடங்கள் எல்லா ஏரிகளுக்கும் ஆயத்தமாக இல்லை. 2020-ம் ஆண்டு அக்டோபர் வெள்ளம் அதை வீடு வீடாக உணர்த்திச் சென்றது. 2024-ம் ஆண்டு ஜூலையில் புதிய காங்கிரஸ் அரசு ஹைட்ரா என்ற தனி அமைப்பை ஏற்படுத்தி, நீர்நிலை ஆக்கிரமிப்புகளை இடிக்கத் தொடங்கியபோது, உள்ளாட்சியின் அனுமதிச் சீட்டைக் கையில் வைத்திருந்தவர்களும் உயர் நீதிமன்றப் படியேற நேர்ந்தது. அனுமதி கொடுத்ததும் அரசு, இடித்ததும் அரசு.

ஹைதராபாத்தில் பாராட்டத்தக்க ஏற்பாடு ஒன்று உண்டு. அனுமதி வழங்கும்போதே கட்டடப் பரப்பில் 10 சதவீதத்தை நகராட்சி அடமானமாக எழுதி வாங்கிக்கொள்கிறது. வரைபடப்படி கட்டி முடித்து, குடிபுகுவதற்கான சான்றிதழ் பெற்ற பின்னரே அது விடுவிக்கப்படும். அந்தப் பத்துச் சதவீதத்தை இழக்க மனமில்லாத கட்டுநர் கடைசித் தாளையும் கேட்டு வாங்கியே தீர வேண்டும். மற்ற நகரங்கள் இதை ஏன் பின்பற்றத் தயங்குகின்றன என்பது புரியவில்லை.

பழைய திட்டம், புதிய மாடிகள்

பெங்களூரின் கதை வேறு. 2015-ம் ஆண்டை இலக்காக வைத்து வகுக்கப்பட்ட நகரப் பெருந்திட்டம் 2007-ம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 2031-க்கான வரைவு 2017-ல் வெளியிடப்பட்டுப் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. ஆக, இலக்கு ஆண்டு கடந்த பிறகும் பழைய திட்டத்தை வைத்துக்கொண்டே நகரம் அனுமதி வழங்கி வந்தது. ஏரிக்கரையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும் என்பதுகூட நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் மாறியது. 75 மீட்டர் என்றது 2016-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். அதை 2019-ம் ஆண்டு மார்ச்சில் ரத்து செய்தது உச்ச நீதிமன்றம்; பெருந்திட்டத்தின் 30 மீட்டர் விதி திரும்பி வந்தது. இடைப்பட்ட மூன்றாண்டுகளில் தயங்கி நின்ற திட்டங்கள் அதன்பின் நகர்ந்தன.

2007-ம் ஆண்டில் மாநகராட்சியுடன் 110 கிராமங்கள் இணைக்கப்பட்டன. அடுக்குமாடிகள் பெருகியது அங்கேதான். ஆனால், அக்கிராமங்களுக்கெனத் திட்டமிடப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டதோ 2024-ம் ஆண்டு அக்டோபரில். இடையில் 17 ஆண்டுகள். ஆழ்துளைக் கிணறும் டேங்கர் லாரியும் அந்தக் காலத்தை ஓட்டின. அதே 2024-ன் கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டு, லட்சங்கள் கொட்டி வாங்கிய வீடுகளில் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் மக்கள் தவித்ததை நாடே பார்த்தது. அந்த வளாகங்களில் பலவும் முறையாக அனுமதி பெற்றவை.

இதில் அரசியல் நோக்கர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கட்டடங்களை ஒழுங்குபடுத்துவது 74-வது அரசியல் சாசனத் திருத்தத்தின்படி நகராட்சிகளுக்குரிய பணிகளில் ஒன்று. ஆனால், பெங்களூரில் மாமன்றத்தின் காலம் 2020-ம் ஆண்டு செப்டம்பரிலும், மும்பையில் 2022-ம் ஆண்டு மார்ச்சிலும் முடிந்த பிறகு, பல ஆண்டுகள் தேர்தலே நடத்தப்படவில்லை. அனுமதிகள் வெள்ளமாகப் பாய்ந்த காலத்தில் கேள்வி கேட்க வார்டு உறுப்பினர் ஒருவரும் இல்லை.

விற்பவரே அனுமதிப்பவர்

நொய்டாவிலோ தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி என்பதே இருந்ததில்லை. தில்லியில் 1957-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நில மேம்பாடு பெரிதும் தில்லி வளர்ச்சி ஆணையத்தின் பிடியில் இருந்ததால், தனியார் அடுக்குமாடிகள் எல்லைக்கு அப்பால் குருகிராமிலும் நொய்டாவிலும் வளர்ந்தன. ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்புகளிலும் மயூர் விஹாரிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும், பணி ஓய்வுக்குப் பின் நொய்டாவில் வீடு தேடின. நொய்டா 62-வது செக்டரில் விநாயகருக்கும் கார்த்திகேயருக்கும் கோயில் எழுந்திருப்பது அந்த இடப்பெயர்ச்சியின் அடையாளம்.

விவசாயிகளிடமிருந்து நிலத்தைக் கையகப்படுத்துவதும், கட்டுநருக்கு அதை ஒதுக்குவதும், வரைபடத்துக்கு அனுமதி வழங்குவதும், நிறைவுச் சான்றிதழ் தருவதும் நொய்டாவில் ஒரே ஆணையம். நில விலையில் சிறு பங்கை மட்டும் முன்பணமாகக் கட்டி மனையைப் பெறலாம் என்ற நிலை இருந்த காலத்தில், கைமுதல் இல்லாதவர்களும் பில்டர்களாயினர். வாங்குவோரிடம் வசூலித்த பணத்தில் அடுத்த மனை, அங்கே வசூலித்ததில் அதற்கடுத்த மனை என்று சங்கிலி நீண்டது. 2011-ல் நிலம் கையகப்படுத்தல் வழக்குகள், 2013-ல் ஓக்லா பறவைகள் சரணாலயத்தையொட்டிப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தடை ஆகியவை வந்தபோது அந்தச் சங்கிலி அறுந்தது. ஆம்ரபாலி வழக்கில் மட்டும் ஏறத்தாழ 42,000 குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. 2019-ம் ஆண்டு ஜூலையில் அந்நிறுவனத்தின் பதிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, வீடுகளைக் கட்டி முடிக்கும் பொறுப்பைப் பொதுத்துறை நிறுவனமான என்பிசிசியிடம் ஒப்படைத்தது.

93-ஏ செக்டரின் இரட்டைக் கோபுரங்கள் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. 2022-ம் ஆண்டு ஆகஸ்ட் 28-ம் தேதி, சுமார் 100 மீட்டர் உயரக் கட்டடங்கள் சில நொடிகளில் மண்மேடான காட்சியைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால், அவை அனுமதி இல்லாமல் கட்டப்பட்டவை அல்ல என்பது பலருக்கும் மறந்துவிட்டது. 2009-லும் 2012-லும் நொய்டா ஆணையம் திருத்திய வரைபடங்களுக்கு ஒப்புதல் அளித்திருந்தது. தோட்டம் என்று காட்டிய இடத்தில் கோபுரம் எழுவதைக் கண்ட பழைய குடியிருப்போர், அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் நகலை ஆணையத்திடம் கேட்டனர். வரைபடத்தைக் கொடுக்கலாமா என்று ஆணையம் கட்டுநரிடம் கேட்டது. கட்டுநர் மறுத்தார், நகல் கிடைக்கவில்லை. 2021-ம் ஆண்டு ஆகஸ்ட் 31-ம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இந்தக் கடிதப் போக்குவரத்தை எடுத்துக்காட்டி, ஆணைய அதிகாரிகளும் கட்டுநரும் கைகோத்துச் செயல்பட்டதாகக் கண்டித்தது. இடிக்கப்பட்ட கோபுரங்களில் இருந்தவை 915 வீடுகள். அவற்றுக்குப் பணம் கட்டி முன்பதிவு செய்தவர்கள் 633 பேர்.

கொச்சியை அடுத்த மரடுவிலும் இதே கதை. 2006-ம் ஆண்டில் அன்றைய ஊராட்சி அளித்த அனுமதியைக் கொண்டு காயலோரத்தில் எழுந்த நான்கு வளாகங்கள், கடலோர ஒழுங்குமுறை விதியை மீறியவை என்று 2019-ல் தீர்ப்பாகி, 2020-ம் ஆண்டு ஜனவரி 11, 12 தேதிகளில் தகர்க்கப்பட்டன. சென்னை மவுலிவாக்கத்தில் 2014-ம் ஆண்டு ஜூனில் கட்டப்படும்போதே சரிந்து 61 உயிர்களைப் பலி கொண்ட 11 மாடிக் கட்டடமும் அனுமதி பெற்றதே என்பது நமக்குத் தெரியாததல்ல.

கிடங்கு வாங்கித் தந்த பெருமை

இத்தனைக்கும் இடையில் அனுமதித் துறையில் இந்தியா உலக அளவில் பாய்ச்சல் காட்டியதாக ஒரு பெருமையும் பேசப்பட்டது. தொழில் தொடங்க உகந்த நாடுகள் குறித்த உலக வங்கியின் பட்டியலில், கட்டுமான அனுமதி என்ற இனத்தில் இந்தியா 2018-ம் ஆண்டு அறிக்கையில் 181-வது இடத்தில் இருந்தது. அடுத்த அறிக்கையில் 52, அதற்கடுத்ததில் 27. இந்தத் தாவலுக்காக உலக வங்கி ஆராய்ந்தவை தில்லி, மும்பை ஆகிய இரண்டே நகரங்கள். அளவுகோலாகக் கொண்டதோ ஒரு கிடங்கு கட்ட ஆகும் நாள்களும் நடைமுறைகளும். அடுக்குமாடி வீட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. புள்ளிவிவர முறைகேட்டுப் புகார்களை அடுத்து 2021-ம் ஆண்டு செப்டம்பரில் அந்தப் பட்டியலையே உலக வங்கி கைவிட்டது.

ஆயினும், அது ஏற்படுத்திய ஓட்டப்பந்தயம் நிற்கவில்லை. 30 நாளில் அனுமதி, தவறினால் அனுமதித்ததாகக் கருதுதல் என்ற கொள்கையை மத்திய அரசின் 2016-ம் ஆண்டு மாதிரிக் கட்டட விதிகளும் வலியுறுத்தின. மாநிலங்கள் நாள்களைக் குறைப்பதில் போட்டியிட்டன. கட்டி முடித்த பிறகு வந்து பார்த்து, வரைபடத்தோடு ஒப்பிட்டு, தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் தீயணைப்பு வசதியும் இருப்பதை உறுதி செய்து வழங்க வேண்டிய நிறைவுச் சான்றிதழுக்கு அப்படியொரு பந்தயம் நடந்ததாகத் தெரியவில்லை. முதல் தாளில் முதலீடு வருகிறது, கட்டணம் வருகிறது, அமைச்சரின் அறிவிப்பு வருகிறது. கடைசித் தாளில் வருவது பொறுப்பு மட்டுமே.

2017-ம் ஆண்டு மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த ரெரா சட்டம் ஓரளவுக்கு நிலைமையை மாற்றியது. அனுமதி பெற்றுப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யக் கூடாது. வசூலான தொகையில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். வாங்கியவர்களில் மூன்றில் இரு பங்கினர் சம்மதமின்றி வரைபடத்தை மாற்றக் கூடாது. இரட்டைக் கோபுரம் போன்ற மோசடியை இந்த மூன்றாவது விதி தடுத்திருக்கும். மகாராஷ்டிரத்தில் மட்டும் பதிவான திட்டங்கள் 50,000-ஐத் தாண்டின. அனுமதிகளின் போக்கை அறிய விரும்புவோருக்கு ரெரா இணையதளங்களே ஓரளவு நம்பத்தக்க ஆதாரம். ஆனால், ஆணையம் பிறப்பிக்கும் பணம் திருப்பித் தரும் உத்தரவை வசூலிக்க மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருக்கிறது. ஓய்வு பெற்ற அதிகாரிகளின் மறுவாழ்வு மையமாக ரெரா மாறிவிட்டதென உச்ச நீதிமன்ற நீதிபதிகளே 2024-ல் வாய்மொழியாகக் கடிந்துகொண்டனர்.

மீரட் தீர்ப்பு

கடைசித் தாளுக்கு முதன்முறையாக உயிர் கொடுத்தது, மீரட் சாஸ்திரி நகர் வழக்கில் 2024-ம் ஆண்டு டிசம்பர் 17-ம் தேதி வெளியான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு நாடு முழுமைக்கும் பொருந்தும் வழிகாட்டுதல்களை வகுத்தது. நிறைவுச் சான்றிதழோ குடிபுகுவதற்கான சான்றிதழோ இல்லாமல் கட்டடத்தை யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் தரக் கூடாது. வங்கிகள் சான்றிதழைச் சரிபார்த்த பிறகே கட்டடத்தின் பேரில் கடன் வழங்க வேண்டும். கட்டுமானம் நடக்கும் இடத்தில் அனுமதிக்கப்பட்ட வரைபடம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். விதிமீறலுக்குத் துணைபோன அதிகாரிகள் மீது துறை நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிடப்பட்டது. நீண்ட காலம் கடந்துவிட்டது, ஏராளமாகச் செலவழித்துவிட்டோம் என்ற வாதங்கள் விதிமீறலுக்கு மன்னிப்பாகா என்றும் நீதிமன்றம் கூறியது.

தீர்ப்பின் நோக்கம் சரியானதே. ஆனால், அதன் முதல் அடி யார் மீது விழும்? சான்றிதழ் பெறாமல் வீட்டை ஒப்படைத்த கட்டுநர், பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பார். மின் இணைப்புக்காக அலுவலக வாயிலில் நிற்பவர் வாங்கியவர். வங்கிக் கடனும் அப்படித்தான். நம் நாட்டில் வீட்டுக் கடன்களில் பெரும் பங்கு, கட்டடம் எழும்பும்போதே தவணை தவணையாகக் கட்டுநருக்குச் செல்கிறது. கட்டி முடியாத வீட்டுக்கு ஏது நிறைவுச் சான்றிதழ்? வங்கிகளும் கட்டுநர்களும் சேர்ந்து செய்த இத்தகைய கடன் ஏற்பாடுகளை விசாரிக்கும்படி 2025-ம் ஆண்டு ஏப்ரலில் மத்தியப் புலனாய்வுக் குழுவுக்கு உத்தரவிட வேண்டிய நிலை உச்ச நீதிமன்றத்துக்கு ஏற்பட்டது.

நின்றுபோன திட்டங்கள் குறித்து ஆராய மத்திய அரசு அமைத்த அமிதாப் காந்த் குழு, 2023-ம் ஆண்டு அறிக்கையில் இந்திய வங்கிகள் சங்கத்தின் மதிப்பீட்டை மேற்கோள் காட்டியது. நாடு முழுவதும் சிக்கலில் இருந்த வீடுகள் 4.12 லட்சம், அவற்றில் 2.40 லட்சம் தலைநகர் வட்டாரத்தில். இவை ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஆண்டின் அனுமதிக் கணக்கில் சாதனையாகச் சேர்க்கப்பட்டவை.

நொய்டாவிலும் கிரேட்டர் நொய்டாவிலும் குடியேறிய பிறகும் பத்திரம் பதிவாகாத வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. நிலத்துக்கான பாக்கியைக் கட்டுநர் ஆணையத்துக்குச் செலுத்தவில்லை; பாக்கி தீராமல் ஆணையம் பதிவுக்கு இணங்கவில்லை. முழு விலையும் கொடுத்துவிட்ட குடும்பங்கள், தங்கள் வீட்டை விற்கவோ உரிமை நாட்டவோ வழியின்றி இருந்தன. கட்டுநரின் பாக்கியோடு வாங்கியவரின் பதிவை முடிச்சுப் போடக் கூடாது என்றது காந்த் குழு. 2023-ம் ஆண்டு டிசம்பரில் உத்தரப் பிரதேச அரசு அறிவித்த திட்டம் அந்த அளவுக்குப் போகவில்லை. பாக்கியில் கால் பங்கைக் கட்டுநர் 60 நாளில் செலுத்தினால் பதிவைத் தொடங்கலாம் என்றது. செலுத்திய திட்டங்களில் பதிவு தொடங்கியது. கால் பங்கையும் கட்ட முன்வராத கட்டுநர்களின் வளாகங்களில் குடும்பங்கள் மீண்டும் நீதிமன்றத்தை நாடின.